விழுந்தால்தான் வெளிச்சம்

உயரத்தில் இருப்பது, விழுவது, ஓடுவது, நிற்பது. இந்த வாரக் கேள்விகள் எல்லாம் இந்த நான்குக்குள் அடங்கிவிட்டன. ஹெந்தளைக்காரர்தான் தொடக்கி வைத்தார். முதல் பதிலும் அவருக்கே.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், ஹெந்தளை
கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் களனி கங்கை. இவ்வளவு தண்ணீரும் சும்மா கடலுக்குப் போகிறதே! இங்கே ஒரு சுழலி வைத்தால் ஊருக்கே கரண்ட் கிடைக்காதா?

பதில்: சும்மா போகவில்லை ஐயா, சம்பாதித்துக் கொடுத்துவிட்டுப் போகிறது. கங்கைத் தண்ணீரில் ஒரு பங்கு மஸ்கெலியா ஓயாவிலும் கெஹெல்கமு ஓயாவிலும் இருந்து வருவது. மஸ்கெலியாப் பக்கத்துத் தண்ணீர் மவுஸ்ஸாகலையில் தங்கி, கனியன், புதிய லக்சபான, பொல்பிட்டிய என்று இறங்குகிறது. மற்றது காசல்ரீயில் தங்கி, விமலசுரேந்திர, பழைய லக்சபான, பொல்பிட்டிய என்று இறங்குகிறது. எந்த வழியால் வந்தாலும் குறைந்தது மூன்று மின்நிலையங்களில் வேலை பார்த்த பிறகே சமவெளியைப் பார்க்கும். கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீற்றருக்கு மேலே இருந்தபோது அதற்கிருந்த அழுத்த சக்தியில் பெரும் பங்கை மலையிலேயே கறந்தாயிற்று. ஹெந்தளையில் கங்கைக்கும் கடலுக்கும் உயர வித்தியாசம் சொல்லும்படி இல்லை. சுழலிக்குத் தண்ணீரும் வேண்டும், அது இறங்க உயரமும் வேண்டும். உங்களிடம் தண்ணீர் தாராளம், உயரம் பூச்சியம். இரண்டையும் பெருக்கினால் என்ன வரும் என்று எழுதுவினைஞருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாதாரண தர மாணவி, கொட்டாஞ்சேனை
கேள்வி: அழுத்த சக்தி, இயக்க சக்தி இரண்டையும் பரீட்சைக்காக அல்லாமல், விளங்குவதற்காகச் சொல்வீர்களா?

பதில்: சொல்கிறேன் தங்கச்சி. 15 மீற்றர் தென்னையில் ஒன்றரைக் கிலோ தேங்காய் ஒன்று. திணிவை 9.8 ஆலும் உயரத்தாலும் பெருக்கினால் சுமார் 220 யூல். தேங்காய் அசையாமல் இருந்தாலும் இந்த 220 அதன் பெயரில் இருக்கிறது. அது அழுத்த சக்தி. காம்பு விட்டதும் உயரம் குறைகிறது, வேகம் கூடுகிறது. பாதி வழியில் 110 அழுத்த சக்தி, 110 இயக்க சக்தி. நிலத்தைத் தொடும் கணத்துக்கு முன் 220உம் இயக்க சக்தி. வழியில் எந்த இடத்தில் கூட்டிப் பார்த்தாலும் 220தான். காற்று தடுப்பதால் கொஞ்சம் கழியும். ஆனால் பரீட்சைத் தாளில் காற்று வீசாது.

அதே தெருவில் இன்னொருவர், கொட்டாஞ்சேனை
கேள்வி: விழுந்த பிறகு அந்த 220 எங்கே?

பதில்: நிலத்தில் ஒரு பள்ளம், காதில் ஒரு ‘தொம்’, மண்ணிலும் தேங்காயிலும் ஒரு துளி சூடு. கணக்கில் ஒரு யூலும் குறையாது. ஆனால் அந்தச் சூட்டைத் திரட்டித் தேங்காயைத் திரும்ப மரத்தில் ஏற்ற ஒருவராலும் முடியாது. அழுத்த சக்தியும் இயக்க சக்தியும் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருக்கலாம். வெப்பமாகிச் சிதறியது அந்த ஆட்டத்துக்குத் திரும்புவது அரிது.

தென்னந்தோட்டக்காரர், ஹெந்தளை
கேள்வி: தேங்காய் வேகமாய் விழுமா, குரும்பட்டி வேகமாய் விழுமா?

பதில்: காற்றை விட்டுவிட்டால் இரண்டும் ஒரே வேகம். 15 மீற்றரிலிருந்து என்றால் நிலத்தைத் தொடும்போது மணிக்குச் சுமார் 62 கிலோமீற்றர். திணிவு இரண்டு பக்கக் கணக்கிலும் வருவதால் வெட்டுப்பட்டுவிடும். ஆனால் 50 கிராம் குரும்பட்டியிடம் இருப்பது ஏழு யூல், தேங்காயிடம் 220. வேகம் ஒன்று, வைத்தியச் செலவு வேறு. மரத்தடியில் கதிரை போடாதீர்கள்.

தொடர்மாடிவாசி, வெள்ளவத்தை
கேள்வி: எங்கள் மொட்டை மாடியில் ஆயிரம் லீற்றர் தாங்கி இருக்கிறது. கீழே வரும் குழாயில் ஒரு சின்னச் சுழலி பூட்டினால் மின் பட்டியல் குறையுமா?

பதில்: குறையும். எவ்வளவு என்று கேட்காமல் இருந்தால் நிம்மதியாக இருப்பீர்கள். ஆயிரம் லீற்றர் 10 மீற்றர் இறங்கினால் 98,000 யூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 இலட்சம் யூல். அதாவது தாங்கி முழுவதும் காலியானால் ஒரு யூனிட்டில் முப்பத்தேழில் ஒரு பங்கு. ஒன்பது வாட் மின்குமிழ் ஒன்று மூன்று மணித்தியாலம் எரியும். அதுவும் ஒரு யூலும் வீணாகாவிட்டால். அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற உங்கள் மோட்டர் இதைவிடக் கூடுதலாகவே குடித்திருக்கும். போதாததற்கு, சுழலி உறிஞ்சிய பிறகு குளிக்கப் போனால் குழாயில் தண்ணீர் சொட்டும்.

மின்பொறியியல் படிக்கும் தம்பி, வத்தளை
கேள்வி: அப்படியானால் லக்சபானவில் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது?

பதில்: அதே ஆயிரம் லீற்றர்! பழைய லக்சபானவில் தண்ணீர் இறங்கும் உயரம் ஏறத்தாழ 450 மீற்றர். ஆயிரம் லீற்றர் அவ்வளவு இறங்கினால் 44 இலட்சம் யூல் வரும். குழாயிலும் இயந்திரத்திலும் போவதைக் கழித்தால் கிட்டத்தட்ட ஒரு யூனிட். வெள்ளவத்தைத் தாங்கியும் லக்சபானத் தாங்கியும் அளவில் ஒன்று, வித்தியாசம் எல்லாம் மாடியின் உயரத்தில்.

நீங்கள் படிக்கிற ஆள் என்பதால் இன்னும் கொஞ்சம். மலைச்சரிவுக் குழாய்க்குள் தண்ணீர் தேங்காய் போல வேகம் எடுப்பதில்லை. குழாய் நிரம்பி நிற்பதால் உயரம் அழுத்தமாகிறது. அடியில் உள்ள ஒடுங்கிய மூக்கு வழியே வெளியே பாயும்போதுதான் அந்த அழுத்தம் வேகமாகிறது. 450 மீற்றருக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் வரும். அந்தத் தாரை அடிப்பது பெல்டன் சில்லின் கிண்ணங்களில். அமெரிக்கத் தச்சர் லெஸ்டர் பெல்டன் 1880இல் உரிமம் பெற்ற சில்லு அது. கிண்ணம் தாரையின் பாதி வேகத்தில் ஓடினால் தாரை தன் வேகம் முழுவதையும் கொடுத்துவிட்டுத் துவண்டு விழும். தண்ணீர் துள்ளிக்கொண்டு வெளியே போனால் பொறியியலாளருக்கு நட்டம். சோர்ந்து வழிந்தால் இலாபம்.

வரலாற்று ஆசிரியர், மட்டக்குளி
கேள்வி: இலங்கையில் இந்தக் கணக்கை முதலில் போட்டவர் யார்?

பதில்: பெரிய அளவில் போட்டுக் காட்டியவர் டி. ஜே. விமலசுரேந்திர. 1874இல் பிறந்தவர். நுவரெலியாவுக்கு அருகே பிளக்பூலில் சின்ன நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்த அனுபவத்தோடு, மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் நாட்டுக்கு ஒளி கொடுக்கும் என்று 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். கட்டுரைக்குக் கைதட்டுவது சுலபம், காசு ஒதுக்குவது கடினம். வேலை தொடங்கியது, நின்றது, கிடப்பில் கிடந்தது. இவர் அரசாங்க சபைக்கே போட்டியிட்டுப் போய் வாதாடிப் பார்த்தார். கடைசியில் லக்சபான இயங்கியது 1950இல். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. மூன்று ஆண்டுகளில் காலமானார். மலைத் தண்ணீரின் அழுத்த சக்தி வெளிச்சமாக மாறச் சில வினாடி போதும். அரசாங்கக் கோப்பின் அழுத்த சக்தி இயக்க சக்தியாக மாற முப்பத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன.

இல்லத்தரசி, வெள்ளவத்தை
கேள்வி: எட்டாம் மாடிக்குப் படியேறினால் மெலியலாம் என்கிறார்கள். எத்தனை தடவை ஏற வேண்டும்?

பதில்: அம்மா, 60 கிலோ ஆள் 24 மீற்றர் ஏறினால் உடம்பு பெறும் அழுத்த சக்தி சுமார் 14,000 யூல். உணவுக் கலோரியில் மூன்றரைக்குக் கிட்ட. தசைகள் தின்பதில் கால்வாசியைத்தான் வேலையாக்கும் என்பதால் உண்மைச் செலவு பதின்மூன்று, பதினான்கு கலோரி. ஓர் உளுந்து வடை சுமார் நூறு. ஆகவே வடைக்கு ஏழு தடவை. இறங்கும்போது அந்த 14,000 உங்களுக்குத் திரும்பி வராது. முழங்காலைத் தாங்கிப் பிடிக்கும் தொடைத் தசைகளில் சூடாகப் போய்விடும். முழங்கால் நோவுள்ளவர்கள் அதிகம் முனகுவதும் இறங்கும்போதுதான்.

அவரது பக்கத்து வீட்டுக்காரர், வெள்ளவத்தை
கேள்வி: ஏழு பேரைத் தூக்கும் எங்கள் லிஃப்டுக்கு அவ்வளவு பெரிய மோட்டர் இல்லையே?

பதில்: தூக்குவது மோட்டர் மட்டும் இல்லை. கம்பியின் மறுமுனையில் எதிர்ப்பாரம் ஒன்று தொங்குகிறது. பெட்டியின் எடையோடு பயணிகளின் பாதி எடையும் சேர்ந்த அளவு. நீங்கள் ஏறும்போது அது இறங்கும். அது இழக்கும் அழுத்த சக்தியை நீங்கள் பெறுகிறீர்கள். மோட்டர் கொடுப்பது மீதி வித்தியாசத்தையும் உராய்வையும்தான். வெறும் லிஃப்ட் மேலே போகும்போது எதிர்ப்பாரமே இழுத்துக்கொண்டு போகும். மோட்டரின் வேலை அப்போது பிடித்து நிறுத்துவது.

பெயர் வேண்டாம் என்றவர், ஹெந்தளை
கேள்வி: என் கணவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாய்மனைக் கதிரையில். அவரிடம் ஏதாவது சக்தி இருக்கிறதா?

பதில்: நிலத்து வீடா, மாடி வீடா என்று சொல்லவில்லையே. மாடி என்றால் நிறைய இருக்கிறது. ஆனால் அதை வெளியே எடுக்க அவர் விழ வேண்டும். இந்தப் பத்தி அதைப் பரிந்துரைக்காது.

முச்சக்கர வண்டி ஓட்டுநர், மாபொல
கேள்வி: 60இல் போனால் என்ன, 100இல் போனால் என்ன? பிரேக் நன்றாக இருந்தால் போதாதா அண்ணை?

பதில்: போதாது தம்பி. வேகம் இரண்டு மடங்கானால் இயக்க சக்தி நான்கு மடங்கு. அதைப் பிரேக் கரைத்தாக வேண்டும். நிற்க எடுக்கும் தூரமும் நான்கு மடங்காகும். இன்னொரு விதமாகப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீற்றரில் மதிலில் மோதுவது ஆறு மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 60 என்றால் 14 மீற்றர், நாலாம் மாடிக்கு மேலே. கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஓடும் 100 என்றால் 39 மீற்றர், பதின்மூன்றாம் மாடி. அந்த மாடியின் விளிம்பில் நின்றால் எவரும் கைபிடியைத் தேடுவார். அதே உயரத்தில் காரில் உட்கார்ந்துகொண்டு ஆசனப் பட்டி போட மறக்கிறார்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர், வத்தளை
கேள்வி: நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது என் கார் பெற்றோல் குடிக்காமல் பற்றரியை நிரப்புகிறது. பிறகு ஏன் பாதி வழியில் எஞ்சின் உறுமத் தொடங்குகிறது?

பதில்: பற்றரி நிரம்பிவிட்டது என்று அர்த்தம். ஆட்களோடு ஒன்றரைத் தொன் காரை ஆயிரம் மீற்றர் இறக்கினால் சுமார் நாலு யூனிட் சக்தி வெளியே வரும். இந்த வகைக் கார்களின் பற்றரியில் பெரும்பாலும் ஒரு யூனிட் சொச்சம்தான் கொள்ளும். மீதியை எங்கே போடுவது? எஞ்சினைச் சும்மா சுற்றவைத்து அதன் தடையில் கரைக்கிறது கார். பத்துத் தொன் பஸ்ஸுக்கு அதே இறக்கத்தில் 27 யூனிட். முந்நூறு லீற்றருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம். அதைப் பிரேக்கின் தலையில் மட்டும் கட்டினால் பிரேக் தீய்ந்து கைவிடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலைநாட்டுப் பழைய சாரதிகள் சொல்வது சும்மா இல்லை.

விளையாட்டு ஆசிரியை, கொட்டாஞ்சேனை
கேள்வி: கோலூன்றிப் பாய்தலில் ஏழு மீற்றர் தாண்ட முடியுமா?

பதில்: தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்ப உயர்த்தியதைப் பார்த்த ஊர் நாம், முடியாது என்று சொல்லக் கூசுகிறது. ஆனால் கணக்கு வரம்பு போடுகிறது. ஓட்டத்தின் இயக்க சக்தியைக் கோல் வளைந்து வாங்கி, நிமிர்ந்து உயரமாகத் தருகிறது. வினாடிக்கு 10 மீற்றர் வேகம் முழுதும் உயரமானால் 5.1 மீற்றர். உடம்பின் திணிவு மையம் ஓடும்போதே நிலத்துக்கு ஒரு மீற்றர் மேலே. அதையும் சேர்த்தால் 6.1. மிச்சம், கோலின் நுனியில் கையூன்றித் தள்ளுவதும் குறுக்குக்கம்பியைச் சுற்றி உடம்பை வளைப்பதும். சுவீடனின் டுப்லாண்டிஸ் 2025இல் டோக்கியோவில் 6.30 தாண்டியபோது இந்தக் கணக்கில் மிச்சம் எதையும் விட்டுவைக்கவில்லை. ஏழு மீற்றருக்குக் கையை விடக் காலைத்தான் வேகமாக்க வேண்டும்.

எட்டு வயது, ஹெந்தளை (அம்மா எழுதியது)
கேள்வி: ஒருவரும் தள்ளாமல் ஊஞ்சலை எப்படி உயரமாக ஆட்டலாம்?

பதில்: செல்லம், நின்றுகொண்டு ஆடு, கயிற்றை இறுக்கிப் பிடி. இரண்டு ஓரத்திலும் குந்து. நடுவில் வேகமாக வரும்போது எழும்பு. வேகமாக வரும்போது எழும்புவது கஷ்டம். அந்தக் கஷ்டம்தான் ஊஞ்சலுக்குள் போய் உயரமாகிறது. சோறு தின்னாமல் ஆடினால் உயராது என்று அம்மா சொன்னால் அதுவும் இயற்பியல்தான்.

பத்திரிகை படிப்பதையே தொழிலாகக் கொண்டவர், ஹெந்தளை
கேள்வி: 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்டதே, ஒரு குரங்கால் அது முடியுமா?

பதில்: மின்சக்தி அமைச்சரே குரங்கைச் சொன்னபோது நாடு சிரித்தது. பாணந்துறை உபமின் நிலையத்தில் தொடங்கிய கோளாறு அது. ஆனால் அனுமன் தனியாக இலங்கையை எரிக்கவில்லை. வாலில் துணி சுற்றி எண்ணெய் ஊற்றிக் கொடுத்தவர்கள் உண்டு. அன்று ஞாயிறு முற்பகல். தேவை குறைவு, வெயில் நிறைய, மின்சாரத்தில் பெரும் பங்கு சூரியப் பலகைகளிலிருந்து வந்தது. சுழலும் பெரிய இயந்திரங்கள் சிலவே ஓடின. இதில்தான் விஷயம் இருக்கிறது. தொன் கணக்கான சுழலிகள் சுற்றும்போது அவற்றின் உடம்பிலேயே இயக்க சக்தி சேர்ந்திருக்கும். எங்காவது திடீரென்று ஒரு நிலையம் விழுந்தால் மற்றச் சுழலிகள் அந்தச் சக்தியைக் கொடுத்துச் சில வினாடிகள் தாங்கும். அதற்குள் கூடுதல் தண்ணீரைத் திறந்துவிடலாம். சூரியப் பலகை சுற்றுவதில்லை. கொடுக்க அதனிடம் அந்தக் கையிருப்பு இல்லை. குரங்கு தொட்டது மின்மாற்றியை. இல்லாமல் போனது அந்தச் சில வினாடி அவகாசம்.

அதே பத்திரிகைக்காரர், ஹெந்தளை
கேள்வி: வெயில் மின்சாரம் கூடிவிட்டது, கூரைப் பலகைகளை அணைத்து வையுங்கள் என்று 2025 புத்தாண்டுக் காலத்தில் மின்சார சபை கேட்டதே. அதைக்கொண்டு கீழே உள்ள தண்ணீரை மேலே ஏற்றிவிட்டால் இரவில் திரும்ப இறக்கலாம் அல்லவா?

பதில்: பேஷான யோசனை, உலகம் அதைச் செய்துகொண்டிருக்கிறது. கோவை மாவட்டத்து ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980களின் கடைசியிலிருந்து 400 மெகாவாட் அளவில் இதையே செய்கிறது: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றும், தட்டுப்பாட்டில் இறக்கும். நம் நாட்டிலும் மகா ஓயாவில் 600 மெகாவாட் அளவில் ஒரு திட்டம் கடதாசியில் இருக்கிறது. ஆனால் ஏற்ற நாலு யூனிட் கொடுத்தால் இறக்கும்போது மூன்று சொச்சம்தான் வரும். சீட்டுப் பிடிப்பவர் கழிவு எடுப்பது போலத்தான்: குறைத்துத் தருகிறார் என்று தெரிந்தும் சேர்கிறோம், தேவைப்படும் நேரத்தில் கையில் கிடைக்கிறதே. இந்தக் கழிவே இல்லாமல் தானாக ஏறி இறங்கும் இயந்திரம் செய்திருக்கிறேன் என்று யாராவது முதலீடு கேட்டு வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பழைய மாணவர், வத்தளை
கேள்வி: ஹெமில்டன் கால்வாயில் ஏன் தண்ணீர் ஓடுவதே தெரியவில்லை?

பதில்: முத்துராஜவெல வயல்களிலிருந்து உப்புத் தண்ணீரை வடிக்க வெள்ளைக்காரர் 1802 முதல் 1804 வரை வெட்டியது அது. இரண்டு முனையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். இறக்கம் இல்லை, ஓட்டமும் இல்லை. படகோட்டிக்கு நல்லது, போகவும் வரவும் ஒரே உழைப்பு.

விஞ்ஞான ஆசிரியர், மட்டக்குளி
கேள்வி: தேங்காயை மரம் தூக்கியது, தாங்கியை மோட்டர் நிரப்பியது. மவுஸ்ஸாகலைத் தண்ணீரை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றியது யார்?

பதில்: சூரியன். கடலிலிருந்து ஆவியாக்கி மலைக்கு அனுப்புகிறான், அதுவும் ஊதாரித்தனமாக. ஒரு கிலோ தண்ணீரை ஒரு கிலோமீற்றர் உயரத்துக்குத் தூக்க வேண்டிய சக்தி 9,800 யூல். அதை ஆவியாக்கவே 24 இலட்சம் வேண்டும். ஆவியாக்கச் செலவழித்ததெல்லாம் அது மேகமாகக் கூடும்போது வானத்திலேயே வெப்பமாகப் போய்விடும். உயரத்துக்கென்று மிஞ்சும் சொற்பத்தில்தான் நாம் விளக்கேற்றுகிறோம்.

மஸ்கெலியாவிலிருந்து வந்து குடியேறியவர், ஹெந்தளை
கேள்வி: எங்கள் பழைய ஊர் நீர்த்தேக்கத்துக்கு அடியில். அங்கிருந்து இறங்கும் தண்ணீர் இப்போது என் வீட்டுப் பக்கம் கங்கையாக வருகிறது. இதில் உங்கள் இயற்பியல் என்ன சொல்கிறது?

பதில்: இயற்பியல் சொல்வது: உயரத்தில் தேக்கி வைத்தால் ஒழியச் சக்தி இல்லை, தேக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் யாருடையது என்று அது கேட்பதில்லை. 1969இல் மவுஸ்ஸாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா மூழ்கியது. நீர் வற்றும் மாதங்களில் கோயில், விகாரை, பள்ளிவாசல் இடிபாடுகள் இன்றைக்கும் தலைகாட்டும். அங்கிருந்து இறங்கிய மின்சாரம் கொழும்பில் மின்விசிறி சுற்றிய காலத்தில், அணைக்கட்டுப் பக்கத்துத் தோட்டங்களின் எத்தனையோ லயன் காம்பராக்களில் குப்பி விளக்குதான் எரிந்தது. கம்பி மலையிலிருந்து கொழும்புக்கு நேராகப் போனது. லயத்துக்குத் திரும்ப அதற்குப் பல பத்தாண்டுகள் எடுத்தன. ஆகவே ஒரு யூனிட்டின் முழுக் கணக்கு எழுதுவதானால் ஆயிரம் லீற்றர், 450 மீற்றர் என்பவற்றோடு நிறுத்த முடியாது. உங்கள் ஊரையும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும். மின் பட்டியலில் அந்த வரியை இதுவரை ஒருவரும் அச்சடிக்கவில்லை.

எட்டாம் தர மாணவன், ஹெந்தளை
கேள்வி: சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று ரீச்சர் சொன்னார். அப்படியென்றால் மின்சாரத்துக்கு எதற்குக் காசு வாங்குகிறார்கள்?

பதில்: ஆக்கியதற்கு இல்லை தம்பி, மாற்றித் தந்ததற்கு. உயரத்தை வேகமாக்கி, வேகத்தைச் சுழற்சியாக்கி, சுழற்சியை மின்சாரமாக்கி உன் மேசை வரை கொண்டுவந்த கூலி அது. இந்த வாதத்தைப் பட்டியல் கொண்டுவருபவரிடம் அப்பா சொல்லிப் பார்க்கலாம். அவரும் மறுக்க மாட்டார். சக்தி அழியாது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, இணைப்பை மட்டும் வெட்டிவிட்டுப் போவார்.